திருமண ஓலையும் இரத்த உறவும்



யூபிலி மலர் என்றால் கோவில் எழும்பிய வரலாறும், பங்கை வழிநடத்திய குருக்களின் வரிசையும், சபைகள், சங்கங்களின் அறிக்கைகளும் இடம்பெறுவது வழக்கம். அவை இம்மலரின் மற்றப் பக்கங்களில் வருகின்றன. நாம் இங்கே எழுத எடுத்துக்கொண்டது, பங்கு அலுவலகத்தின் இரும்பு அலமாரிக்குள் இருக்கும் ஒரு வரலாற்றை. திருமணப் பதிவேடு என்று அதற்குப் பெயர். மணமக்களின் பெயர், பெற்றோர் பெயர், சாட்சிகளின் கையெழுத்து, ஓலை வாசித்த நாள்கள் என்று கட்டம் கட்டமாக எழுதியிருக்கும் அந்த ஏட்டின் ஓரத்தில், 'குறிப்பு' என்றொரு சிறு கட்டமும் உண்டு. எந்தப் பங்கின் பழைய ஏட்டைப் புரட்டினாலும் அந்தக் கட்டத்தில் ஒரே வாசகம் அடிக்கடி கண்ணில் படும்: 'இரத்த உறவுத் தடை, விதிவிலக்குப் பெறப்பட்டது.'

அந்த ஒரு வரிக்குப் பின்னால் எண்ணூறு ஆண்டுத் திருச்சபை வரலாறும், நம் தமிழ்க் குடும்பங்களின் நெடுநாள் பழக்கமும், கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் மனிதன் கண்டறிந்த ஒரு பெரிய இயற்கை உண்மையும் அடங்கியுள்ளன. இம்மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓலை பிறந்த கதை

திருப்பலி முடிவில் அறிவிப்புகளுக்கு நடுவே நாம் ஓலை வாசிக்கிறோம். இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் திருமணம் நடைபெற உள்ளது. தடை ஏதேனும் அறிந்தோர் பங்குத்தந்தையிடம் அறிவிக்கக் கடமைப்பட்டுள்ளனர் என்று மும்முறை சொல்கிறோம். பெரும்பாலோர் இதை ஒரு நல்ல செய்தியாக மட்டும் கேட்டுக்கொள்கிறார்கள். 'யார் வீட்டுப் பெண்?' என்று பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழும், அத்தோடு சரி. ஆனால் ஓலை தோன்றியது அழைப்பிதழாக அன்று, விசாரணையாக.

1215-ஆம் ஆண்டு, பாப்பரசர் மூன்றாம் இன்னசென்ட் உரோமையில் கூட்டிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், திருமணத்தைப் பற்றி அடுத்தடுத்து இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றியது. அதுவரை ஏழு தலைமுறைக்குள் பொது மூதாதையர் இருந்தால் திருமணம் கூடாது என்றிருந்த கடுமையான விதியை, நான்கு தலைமுறையாகக் குறைத்தது முதலாவது தீர்மானம். மறைவான திருமணங்களைத் தடைசெய்து, நடக்கவிருக்கும் திருமணத்தைக் குருக்கள் கோவிலில் முன்கூட்டி அறிவிக்க வேண்டும் என்றது இரண்டாவது. ஆக, இரத்த உறவு விதியும் ஓலையும் ஒரே சங்கத்தில் அக்காள் தங்கையாகப் பிறந்தவை. பின்னர் 1563-இல் திரெந்துச் சங்கம், மும்முறை ஓலை வாசிப்பதையும், பங்குக் குரு திருமணப் பதிவேடு வைத்திருப்பதையும் கட்டாயமாக்கியது. நம் அலமாரியில் இருக்கும் ஏட்டுக்கு அதுவே மூலம்.

ஏன் நான்கு தலைமுறை? லாத்தரன் சங்கம் சொன்ன காரணங்களுள் ஒன்று இன்று நமக்குப் புன்னகை வரவழைக்கும். மனித உடலில் நான்கு நீர்கள் உள்ளன, அவை நான்கு பூதங்களால் ஆனவை, ஆகவே நான்கு என்பது பொருத்தமான எண் என்றார்கள். அக்காலத்து மருத்துவம் அவ்வளவே! ஆனால் அதற்கும் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே புனித அகுஸ்தினார் சொல்லிவைத்த காரணம் இன்றும் பழுதாகவில்லை. ஒரே ஆள் ஒருத்திக்குத் தாய்மாமனும் கணவனும் ஆகிவிட்டால், இரண்டு வீடுகளை இணைத்திருக்க வேண்டிய இரண்டு உறவுகள் ஒரே வீட்டுக்குள் அடங்கிப்போகின்றன. வெளியே மணம் செய்தால் அன்பின் வட்டம் விரிகிறது என்பது அவருடைய கருத்து. திருச்சபை உறவுத் திருமணத்தைத் தடுத்தது நோய்க்கு அஞ்சி மட்டும் அன்று. அன்பு நாலு சுவருக்குள் தேங்கிவிடக் கூடாது என்பதற்காகவும்தான்.

நான்கு தலைமுறை என்ற அந்த எல்லை 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் மூன்றாகக் குறைந்தது. 1983-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நடைமுறைக்கு வந்த இன்றைய சட்டத்தில் எண்ணும் முறையே மாறிவிட்டது. குருமடத்தில் எமது பேராசிரியர் கரும்பலகையில் ஏணி போலக் கோடு கிழித்துக் காட்டிய முறை இது: மணமகனிடமிருந்து பொது மூதாதையர் வரை படி ஏறுங்கள், அங்கிருந்து மணமகள் வரை படி இறங்குங்கள், மொத்தப் படிகளே உறவின் நிலை. அக்காள் மகளை மணக்கும் தாய்மாமனுக்கு ஏறுவது ஒன்று, இறங்குவது இரண்டு. ஆக மூன்றாம் நிலை. அத்தை மகனும் மாமன் மகளும் ஏறுவது இரண்டு, இறங்குவது இரண்டு; நான்காம் நிலை. நான்காம் நிலை வரை திருமணம் செல்லாது. ஐந்திலிருந்து தடையில்லை. தாத்தா பாட்டியின் நேர்வழியிலும், உடன்பிறந்தோர் இடையிலும் எவரும் எந்நாளும் விதிவிலக்குத் தர இயலாது. மூன்றாம், நான்காம் நிலைகளுக்குத் தகுந்த காரணம் இருந்தால் ஆயர் விதிவிலக்கு அளிக்கலாம். பதிவேட்டின் ஓரக் கட்டத்தில் எழுதப்படுவது இந்த விதிவிலக்கையே.

முறையும் உரிமையும்

இந்த விதி நம் மண்ணுக்கு வந்தபோது, இங்கே வேறொரு விதி வேரூன்றி இருந்தது. சித்தப்பா மகளும் பெரியம்மா மகளும் நமக்கு உடன்பிறந்தவர்களே. அவர்களை மணப்பது என்று பேச்சுக்குச் சொன்னாலும் நம்மவர் காதைப் பொத்திக்கொள்வர். ஆனால் அத்தை மகளும் மாமன் மகளும் 'முறைப் பெண்'கள். உரிமை அவனுக்கு, அவன் வேண்டாம் என்ற பிறகே வெளியாருக்கு. அக்காள் மகளைத் தம்பிக்குக் கொடுப்பதும் நம் பகுதியில் சாதாரணம்.

இப்பழக்கத்தைக் குறைத்துப் பேசுவது எமது எண்ணமன்று. தெரியாத வீட்டில் பெண் கண் கலங்க வேண்டாம், அத்தையே மாமியாராக இருப்பாள் என்ற தாயின் கவலை அதில் உண்டு. நிலபுலம் சிதறாமலிருக்கும். சீர்வரிசைப் பேரமும் சற்றுக் குறையும். அரச குடும்பங்களும் இதையே செய்தன. முதலாம் இராசராசனின் மகள் குந்தவை வேங்கி நாட்டு விமலாதித்தனை மணந்தாள். அவர்கள் மகன் இராசராச நரேந்திரன், தன் தாய்மாமனாகிய இராசேந்திரனின் மகள் அம்மங்கையை மணந்தான். அவர்களுக்குப் பிறந்தவனே 1070-இல் சோழ அரியணை ஏறி, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆண்ட முதலாம் குலோத்துங்கன். அவனும் தன் தாய்மாமனாகிய இரண்டாம் இராசேந்திரனின் மகள் மதுராந்தகியையே மணந்தான். உறவில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் நோயாளிகள் என்று எவரேனும் சொன்னால், குலோத்துங்கனே அதற்கு மறுமொழி. பின் எதற்குத் தடை என்று கேட்பீர்கள். அதற்கு விடை தர ஒரு துறவி வர வேண்டியிருந்தது.

மடத்துத் தோட்டத்தில் ஒரு கண்டுபிடிப்பு

கிரெகோர் மெண்டல் 1822-இல், இன்று செக் நாட்டில் உள்ள ஒரு சிற்றூரில், எளிய உழவர் குடும்பத்தில் பிறந்தவர். 1843-இல் புருன் நகரிலிருந்த அகுஸ்தினார் சபை மடத்தில் சேர்ந்து, 1847-இல் குருப்பட்டம் பெற்றார். பங்குப் பணிக்கு அனுப்பினார்கள்; நோயாளிகளின் படுக்கையருகே நிற்க அவருடைய மென்மையான மனம் தாங்கவில்லை. ஆகவே பள்ளியில் பாடம் சொல்ல அனுப்பினார்கள். ஆசிரியர் தகுதித் தேர்விலோ அவர் தேறவில்லை. இவ்விரண்டு தோல்விகளையும் நம் இளைஞர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அப்படிப்பட்டவர் 1856 முதல் 1863 வரை மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்தார். ஏறத்தாழ 28,000 செடிகள்! நெட்டைச் செடியின் மகரந்தத்தைக் குட்டைச் செடியின் பூவில் தூரிகையால் தொட்டு வைத்தார். பிறந்த செடிகள் அத்தனையும் நெட்டை. குட்டைத் தன்மை ஒழிந்தது என்றே எவரும் நினைப்பர். மெண்டல் அவற்றின் விதைகளை மறுபடி விதைத்தார். 1,064 செடிகளில் 787 நெட்டையாகவும் 277 குட்டையாகவும் வளர்ந்தன. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குட்டை. பாட்டியின் குட்டைத் தன்மை அழியாமல், ஒரு தலைமுறை மறைந்திருந்து பேரப்பிள்ளையில் வெளிப்பட்டது.

இதிலிருந்து அவர் கண்ட உண்மை எளியது. ஒவ்வொரு பண்புக்கும் தந்தையிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று என இரண்டு கூறுகள் பிள்ளைக்கு வருகின்றன. ஒன்று ஓங்கி நிற்கும். மற்றது ஒடுங்கி மறைந்திருக்கும். ஒடுங்கியது இரண்டும் ஒன்றுசேர்ந்தால்தான் வெளியே தெரியும். இக்கூறுகளைத்தான் இன்று மரபணுக்கள் என்கிறோம். 1865-இல் தம் ஊர் அறிவியல் கழகத்தில் மெண்டல் இதை எடுத்துரைத்தார். மறு ஆண்டு அச்சிலும் வந்தது. உலகம் கவனிக்கவில்லை. 1868-இல் மடாதிபதியான அவர் 1884-இல் இறந்தார். 1900-இல் வெவ்வேறு நாட்டு அறிஞர் மூவர் அவருடைய கட்டுரையை மீண்டும் கண்டெடுத்தபோதுதான், மரபியல் என்ற புதிய கல்வித்துறை பிறந்தது. 1902-இல் ஆர்ச்சிபால்டு கேரட் என்ற இலண்டன் மருத்துவர், சிறுநீர் கறுத்துப்போகும் ஓர் அரிய பிறவிக் குறையை ஆராய்ந்தபோது, அக்குழந்தைகள் பலரின் பெற்றோர் உடன்பிறந்தோரின் மக்கள் என்பதைக் கவனித்தார். பட்டாணியின் விதி மனிதருக்கும் பொருந்துகிறது என்பது அப்போது தெளிவாயிற்று.

இதற்கு முன்பே ஒருவர் மனத்தில் ஐயம் இருந்தது. சார்லஸ் டார்வின் 1839-இல் தம் மாமன் மகள் எம்மாவை மணந்தவர். பத்துக் குழந்தைகளில் மூவரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்தார். தம் திருமணமே காரணமோ என்ற கவலை அவரை நெடுநாள் அரித்தது. மக்கள்தொகைக் கணக்கில் உறவுத் திருமணம் பற்றி ஒரு கேள்வி சேர்க்க வேண்டும் என்று அவர் முயன்றார். 1870-இல் ஆங்கில நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை.

ஒரு சிறு கணக்கு

ஒவ்வொரு மனிதரிடமும் ஒடுங்கி மறைந்திருக்கும் குறைக்கூறுகள் சில உண்டு. எனக்கில்லை என்று எவரும் மார்தட்ட முடியாது. இணையாக நல்ல கூறு ஒன்று இருப்பதால் அவை தீங்கு செய்வதில்லை. வாழ்நாள் முழுவதும் நாம் அறியாமலேயே சுமந்து திரிவோம்.

இப்போது ஒரு தாத்தாவை எண்ணிக்கொள்ளுங்கள். காது கேளாமையை உண்டாக்கும் ஒடுங்கிய கூறு ஒன்று அவரிடம் இருக்கிறது. அவருக்கோ காது நன்றாகக் கேட்கும். அது அவருடைய மகனுக்குப் போக இரண்டில் ஒரு வாய்ப்பு; மகளுக்கும் அப்படியே. அவர்களிடமிருந்து பேரனுக்கோ பேத்திக்கோ வந்திருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. மகன் வழிப் பேத்தியும் மகள் வழிப் பேரனும் மணந்தால், இருவரிடமும் அது இருக்கப் பதினாறில் ஒரு வாய்ப்பு. இருவரிடமும் இருந்தால், பிறக்கும் குழந்தைக்கு இரண்டும் சேர நான்கில் ஒரு வாய்ப்பு. பெருக்கிப் பார்த்தால் 64-இல் ஒன்று. தாய்மாமன், அக்காள் மகள் என்றால் 32-இல் ஒன்று. அதே பேரன், நூறு பேரில் ஒருவரிடம் மட்டுமே அக்கூறு இருக்கும் வெளி ஊரில் பெண் எடுத்தால் 1,600-இல் ஒன்று. இந்தக் கணக்கு ஒரு தாத்தாவின் ஒரு கூற்றுக்கு மட்டுமே. தாத்தாவிடம் வேறு கூறுகளும் உண்டு, பாட்டியும் இருக்கிறார்.

மொத்தத்தில் எவ்வளவு ஆபத்து? எந்தப் பெற்றோருக்கும் பிறக்கும் நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்குப் பிறவிக் குறை இருக்கக்கூடும். அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் அது நான்கு, ஐந்து என உயர்கிறது என்பது மருத்துவர்கள் பொதுவாகத் தரும் மதிப்பீடு. அப்படியானால் தொண்ணூற்றைந்து குழந்தைகள் நலமாகவே பிறக்கிறார்கள். குலோத்துங்கன் கதையும் மெய். டார்வினின் கண்ணீரும் மெய்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சித்தப்பா மகளுக்கும் அத்தை மகளுக்கும் நம் வழக்கம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை காட்டுகிறது. மரபணு காட்டுவதில்லை. இருவரும் அதே தாத்தா பாட்டியின் பேத்திகள். கணக்கு இருவருக்கும் ஒன்றே. திருச்சபைச் சட்டமும் அந்த வேற்றுமையைப் பார்ப்பதில்லை. படிகளை மட்டும் எண்ணுகிறது. மரபணுவைப் பற்றி எதுவும் அறியாத காலத்தில் வகுத்த ஏணி, மரபணுக் கணக்கோடு இவ்வாறு ஒத்துப்போவது நமக்கு வியப்பளிக்கிறது. ஒரு பெண்ணை உடன்பிறந்தவளாக எண்ணி விலக்கத் தெரிந்த நாம், அவளுக்கு ஒப்பான இன்னொருத்தியை உரிமையென்று ஏன் கேட்கிறோம் என்று சிந்திக்க வேண்டும்.

நம் நாட்டில் கண்டவை

இவ்வாராய்ச்சிக்குத் தென்னிந்தியாவே உலகின் பெரிய களமாக அமைந்தது. புகழ்பெற்ற மரபியல் அறிஞர் ஹால்டேன் 1957-இல் இங்கிலாந்தை விட்டுக் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு வந்தார். இந்தியக் குடிமகனும் ஆனார். அவருடைய தூண்டுதலால் அவருடைய மாணவர் ஆந்திராவில் உறவுத் திருமணங்களை ஆராய்ந்தார். நம் மாநிலத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் வட ஆற்காடு மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்களைச் சந்தித்து, 1977-இல் முடிவுகளை வெளியிட்டனர். கிராமங்களில் பாதிக்குச் சற்றுக் குறைவான திருமணங்கள் உறவுக்குள் நடந்திருந்தன. நகரத்தில் அதைவிடக் குறைவு. பிள்ளைகளிடையே கண்ட தீங்கோ எதிர்பார்த்த அளவு பெரிதாக இல்லை. பல நூறு ஆண்டுகளாக இப்பழக்கம் நிலவியதால், கொடிய கூறுகள் சில தலைமுறைதோறும் கழிந்துபோயிருக்கலாம் என்று அவர்கள் கருதினர். 'கழிந்துபோயிருக்கலாம்' என்ற சொல்லை நாம் மெல்லக் கடந்துவிடக் கூடாது. கழிந்தவை கூறுகள் மட்டுமல்ல. பெயரிட்டு அழைக்கப்படாமலே மண்ணுக்குள் போன குழந்தைகளும்தான்.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர் உறவில் மணந்தவர்கள். நாடு முழுவதற்கும் அது ஏறத்தாழ 11. பழக்கம் குறைந்திருக்கிறது, மறையவில்லை.

2017-இல் ஹைதராபாத் மரபணு ஆராய்ச்சியாளர்களும் அயல்நாட்டு அறிஞர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு மேலும் ஒரு படி சென்றது. சொந்தத்தில் மணக்காமல், சாதிக்குள் மட்டும் மணந்தாலும், ஒரு சிறு கூட்டத்தில் தோன்றிப் பெருகிய மக்களிடம் அதே மறைந்த கூறுகள் செறிந்துவிடுகின்றன என்று அது காட்டியது. அறுவை மருத்துவத்தில் தசைகளைத் தளர்த்தத் தரும் ஒரு மருந்து, தென்னாட்டு வணிகச் சமூகம் ஒன்றைச் சேர்ந்த சிலருக்கு எளிதில் கலையாமல் மூச்சுக்கே இடர் தருவதை மருத்துவர்கள் நெடுநாளாக அறிவர். சாதி என்பது பல நூற்றாண்டுகளாக நீட்டிக்கப்பட்ட உறவுத் திருமணமே என்று சொன்னால் மிகையாகாது. ஒரே அப்பத்தில் பங்குகொள்ளும் நாம், ஓலை எழுதும் நாளில் மட்டும் சாதி பார்ப்பது நற்செய்திக்கு மாறானது என்று பலமுறை மறையுரையில் கூறியிருக்கிறோம். இன்று இயற்கையும் அதற்குச் சாட்சி சொல்கிறது.

வாழையடி வாழை

நம் வீட்டுத் திருமணங்களில் வாசலில் வாழை கட்டுகிறோம். மணமக்களை 'வாழையடி வாழையாக' வாழ வாழ்த்துகிறோம். புத்தூரிலிருந்து வயலூர்ச் சாலையில் சென்றால், உய்யக்கொண்டான் வாய்க்கால் பாயும் ஊர்களில் வாழைத் தோட்டங்களைக் காணலாம். பூவன், ரஸ்தாளி, கற்பூரவள்ளி, மொந்தன், நேந்திரன் என்று எத்தனை வகை! ஆனால் ஒரு தோட்டத்து ரஸ்தாளி அத்தனையும் உண்மையில் ஒரே மரம்தான். வாழைக்கு விதையில்லை, தாய் மரத்தின் அடியிலிருந்து வரும் பக்கக்கன்றை எடுத்து நடுகிறோம். தாய்க்கு இருந்த மரபணு அப்படியே கன்றுக்கு. தாய்க்கு இல்லாத எதிர்ப்பாற்றல் கன்றுக்கும் இராது. அதனால்தான் வாடல் நோய் புகுந்தால் ரஸ்தாளித் தோட்டம் வரிசையாகச் சாய்கிறது. அதே நோய் பூவனை அவ்வளவாக வாட்டுவதில்லை. நடு அமெரிக்காவில் ஒரே வகை வாழையை மட்டும் பல்லாயிரம் ஏக்கரில் பயிரிட்டார்கள். 1950-களில் வாடல் நோய் அதை வணிகத்திலிருந்தே விரட்டிவிட்டது. நம் தாயனூரில் 1993-இல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம் நூற்றுக்கணக்கான வகைகளைத் தேடிச் சேர்த்துக் காப்பதும் இதற்காகவே. பன்மைதான் காப்பு.

மனிதனை இறைவன் வாழையைப் போல் படைக்கவில்லை. நமக்கு 23 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. ஒவ்வோர் இணையிலும் எது பிள்ளைக்குப் போகும் என்பதை மட்டும் கணக்கிட்டாலும், ஒரு தந்தை 83,88,608 விதமாகப் பிள்ளைக்குத் தர முடியும், தாயும் அவ்வாறே. ஒவ்வொரு குழந்தையும் இதற்கு முன் இல்லாத புதுப் படைப்பு. அத்தனை பெரிய செல்வத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நாம் ஏன் ஒரே கிணற்றில் திரும்பத் திரும்ப நீர் இறைக்க வேண்டும்?

எமது கைப்பிழை

இதையெல்லாம் எழுத எமக்கொரு தனிக் காரணமும் உண்டு. குருப்பட்டம் பெற்ற புதிதில், வேறோர் ஊரில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தோம். தாய்மாமனுக்கு அக்காள் மகளைக் கொடுக்க ஒரு குடும்பம் வந்தது. "சாமி, எங்க பரம்பரை வழக்கம். மேலிடத்துக்கு ஒரு வரி எழுதிக் குடுங்க" என்றார் பெண்ணின் பாட்டி. எழுதிக் கொடுத்தோம். மூன்று வரி. வீட்டில் முன்பு உறவுத் திருமணம் உண்டா, யாருக்காவது பிறவிக் குறை உண்டா என்று நாம் கேட்கவில்லை. அந்தப் பெண்ணைத் தனியே அழைத்து, "அம்மா, உனக்குச் சம்மதமா?" என்று மட்டும் கேட்டோம். தலையசைத்தாள், அதற்குமேல் ஒன்றும் விளக்கவில்லை.

சில ஆண்டுகள் கழித்து அவளே வந்தாள். இரண்டு பிள்ளைகளுக்கும் பிறவியிலேயே காது கேட்கவில்லை. 'ராசியில்லாதவள்' என்று வீட்டில் பேச்சு. அவளை அனுப்பிவிட்டு அவனுக்கு வேறு பெண் பார்க்கலாம் என்றுகூடச் சொன்னார்களாம். கணவனையும் அழைத்துக்கொண்டு ஒரு மருத்துவரிடம் சென்றோம். அவர் ஒரு தாளில் வட்டமும் சதுரமும் வரைந்து, நாம் மேலே சொன்ன கணக்கைச் சொன்னார். 'ஒன்று உன்னிடமிருந்து, ஒன்று இவளிடமிருந்து; பாதிப்பாதி' என்றார். அந்த மனிதர் தாளையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தார். அந்தக் குடும்பம் பிரியவில்லை. பிள்ளைகள் சைகை மொழியில் படித்து வளர்ந்தார்கள். ஆனால் அந்த மூன்று வரி மனு எம் நினைவை விட்டு அகலவில்லை.

பிறவியிலேயே பார்வையற்றவனைக் கண்டு, இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் அல்ல என்று நம் ஆண்டவர் மறுத்தார். குறையோடு பிறந்த குழந்தை சாபமுமன்று, தண்டனையுமன்று. அதன் தாய் குற்றவாளியுமல்லள். ஒடுங்கிய கூறு தனியே ஒருவரிடமிருந்து வந்து குறையை உண்டாக்குவதில்லை என்ற அறிவே, பழி சுமந்த எத்தனையோ மருமகள்களின் கண்ணீரைத் துடைக்கப் போதுமானது.

ஆகவே சில சொற்கள்

உறவில் மணந்து இன்று பங்கில் நிறைவாக வாழும் குடும்பங்கள் மனம் கலங்க வேண்டாம். விதிவிலக்குப் பெற்ற உங்கள் திருமணம் எல்லாத் திருமணங்களையும் போல் புனிதமானது. உங்கள் பிள்ளைகள் இப்பங்கின் செல்வங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு வரன் தேடும்போது மட்டும் வட்டத்தைச் சற்று விரித்துப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே மணம் தொடரும் குடும்பத்தில் ஆபத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகிறது.

பெரியோர் உயிரோடு இருக்கும்போதே, மூன்று தலைமுறைப் பெயர்களையும் உறவுகளையும் எழுதி வையுங்கள். சிறு வயதில் இறந்தவர்கள், காது கேளாதவர்கள், பார்வை குன்றியவர்கள், தொடர்ந்து இரத்தம் ஏற்றிக்கொள்ள நேர்ந்தவர்கள் யார் என்பதை மறைக்காமல் குறியுங்கள். உறவில் மணக்கப் போகிறவர்களும் மணந்தவர்களும், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் உள்ள மரபணு ஆலோசனையைப் பெறலாம். சில குறைகளைச் சுமப்பவரா என்று எளிய இரத்தச் சோதனையே சொல்லிவிடும்.

பெண்ணைப் பெற்றவர்களே, 'உரிமை' என்ற சொல்லுக்குமுன் உங்கள் மகளின் சொல்லைக் கேளுங்கள். ஓலை எழுத வரும்போது நாமும் இனி மூன்று வரியோடு நிறுத்தப் போவதில்லை. உட்கார வைத்து, ஏணி வரைந்து, தாத்தா பாட்டி வரை ஏறி இறங்கிப் பார்த்த பிறகே மனு எழுதுவோம். நேரமாகிறதே என்று முகம் சுளிக்க வேண்டாம்.

அடுத்த ஞாயிறு ஓலை வாசிக்கும்போது சற்றுச் செவிகொடுத்துக் கேளுங்கள். இரண்டு பெயர்கள் மட்டும் அங்கே வாசிக்கப்படவில்லை. இன்னும் பிறவாத குழந்தைகளின் நலனும் பங்கு மக்களாகிய உங்கள் முன் வைக்கப்படுகிறது. நம் பங்கின் அடுத்த யூபிலியைக் கொண்டாடப் போகிறவர்கள் அவர்களே. அவர்களையும் அவர்களை ஈன்றெடுக்கப் போகும் இல்லங்களையும் எல்லாம் வல்ல இறைவன் நிறைவாக ஆசீர்வதிப்பாராக.